உப்பு நிலமும் உறைபனி மலையும்

நுவரெலியாப் பிரதேசத்தில் தை, மாசி மாதங்களில், மேகமும் காற்றும் அற்றுத் தெளிந்த சில இரவுகளில், கந்தப்பளை, நானுஓயாப் பக்கத்துப் பள்ளங்களிலெல்லாம் உறைபனி இறங்குகிறது. விடியற்காலையில் தேயிலையின் மேல்மட்டம் முழுவதும் வெண்மை படிந்திருக்கும்; வெயில் ஏறி அந்த வெண்மை கரைந்து, காலையில் ஆள் கணக்கெடுக்கும் பிரட்டு முடிந்து ஆட்கள் மலைக்கு வந்து சேரும் நேரத்திலும் கொழுந்து பச்சையாகவே தோன்றும்; ஆனால் உச்சிப் பொழுதுக்குள் இலைகள் துவளத் தொடங்கி, இரண்டொரு நாளில் செம்பழுப்பாகக் கருகி, பார்த்த இடமெல்லாம் தீய்ந்த நிறமாகிவிடும். இந்த நாசத்தின் நடுவே ஒரு விசேஷத்தை மலையில் வேலை செய்தவர்கள் கண்டிருப்பார்கள். பழைய விதைத் தேயிலை நிற்கும் மலையானால், கருகிய செடிகளுக்கிடையே அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில செடிகள், அதே பள்ளத்தில் அதே பனியை ஏற்றும், அவ்வளவாகச் சேதமடையாமல் நிற்கும். அந்தச் செடிகளுக்காகப் பரிந்து பேசுவதே என் நோக்கம். ஆயினும் அவற்றிடம் செல்வதற்கு முன் வாசகர்களைச் சற்றுத் தூரம், கடற்கரை வரையில், அழைத்துப்போக வேண்டியிருக்கிறது.

1977இலும் 1983இலும் இனக்கலவரங்களால் விரட்டப்பட்ட மலையக மக்கள் பலர், வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் சென்று குடியேறி, காட்டைத் திருத்தி விவசாயிகளானார்கள் என்பது நாம் அறிந்த சரித்திரம். அந்தக் கிளிநொச்சி மாவட்டத்துப் பூநகரி முதலான கரையோரங்களில், கடல்நீர் நிலத்துக்குள் ஏறி, கிணறுகள் உவர்த்து, முன்னொரு காலத்தில் நெல் விளைந்த வயல்கள் கைவிடப்பட்டுக் கிடக்கின்றன. 2004 டிசம்பர் 26ஆம் தேதி ஆழிப்பேரலை வந்து போனபின், நம் கிழக்குக் கரையிலும் தமிழ்நாட்டு நாகப்பட்டினத்திலும் வயல்களில் உப்பு தங்கி உழவரை வருத்தியது. மலையில் உறைபனியோடு போராடிய குடும்பங்களின் கிளைகள், அங்கே உவர் மண்ணோடு போராடுகின்றன. இவ்விரண்டும் வெவ்வேறு தேசத்துத் துன்பங்கள் என்று நமக்குத் தோன்றலாம். ஒரு செடிக்கு அப்படித் தோன்றுவதில்லை.

ஏனெனில் உப்பு, உறைபனி, வறட்சி ஆகிய மூன்றும் ஒரு செடியின் உயிரணுவைத் தாக்கும் முதற் கட்டத்தில் ஒரே துன்பமாகவே வந்து சேர்கின்றன. மண்ணில் ஈரம் நிரம்ப இருந்தாலும், அந்த ஈரத்தில் உப்பு மிகுந்துவிட்டால், உப்புக் குறைந்த இடத்திலிருந்து மிகுந்த இடத்துக்குச் செல்வதே நீரின் சுபாவமாகையால், வேர் அதை உறிஞ்ச முடியாமல் தவிப்பதோடு தன்னிடம் உள்ளதையும் இழக்கும் நிலைக்கு வந்துவிடுகிறது. உறைபனியிலோ, உயிரணுக்களுக்கு இடைப்பட்ட வெளியில் முதலில் பனிப்பளிங்கு தோன்றி, அது வளர வளர, உள்ளே இருக்கும் நீரைத் தன்பால் இழுத்து உயிரணுவை வற்றச் செய்கிறது. வறட்சியைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. ஆக மூன்றிலும் செடி அனுபவிப்பது தாகமே. உப்பு முற்றிலும் மலைக்கு அந்நியமான பொருளுமன்று. தேயிலைக்கு நாம் இடும் உரங்களுள் மியூரியேட் ஒவ் பொட்டாஷ் என்பது பொற்றாசியம் குளோரைட்டு என்ற ஓர் உப்புத்தானே! காய்ந்த மண்ணில் உரம் போட்டால் வேர் வெந்துவிடும் என்று மழை கண்ட பிறகே உரம் வீசுகிற நம் வழக்கத்தில், இந்த உண்மை அனுபவ ஞானமாகவே அடங்கியிருக்கிறது.

இத்தாகத்தைத் தாங்கும் செடிக்கும் தாங்காத செடிக்கும் பேதம் எங்கே இருக்கிறது? தாங்கும் செடியிடம் ஏதோ ஒரு பிரத்தியேகமான மரபணு இருக்கிறது, மற்றதனிடம் அது இல்லை என்றே நாம் சாதாரணமாக எண்ணுகிறோம். சில இடங்களில் அது உண்மைதான்; ஆனால் பல இடங்களில், இரண்டு செடிகளிடமும் ஏறக்குறைய ஒரே மரபணுக்கள் இருக்க, அவற்றை எந்த வேளையில், எந்த உறுப்பில், எவ்வளவு தூரம் செயற்படுத்துகின்றன என்பதிலேயே வேற்றுமை அடங்கியிருப்பதை விஞ்ஞானிகள் கண்டிருக்கிறார்கள். வேர் நுனியிலிருந்து கொழுந்தின் நுனி வரையில் ஒரு செடியின் உயிரணுக்கள் ஒவ்வொன்றிலும் அதன் பரம்பரைச் சொத்து முழுவதும் இருக்கிறது. எல்லார் வீட்டுப் பரணிலும் ஓர் அண்டா கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தாலும், விருந்தினர் வாசலில் நிற்கும்போது அதை உடனே இறக்கி அடுப்பில் ஏற்றத் தெரிந்த வீட்டில்தான் சோறு கிடைக்கும் என்பது போல, மரபணு இருப்பது ஒன்று, அது வேண்டிய வேளையில் வெளிப்படுவது வேறொன்று. வெளிப்படுதல் என்பதற்குப் பொருள் இதுதான்: அம்மரபணுவின் வாசகம் ஆர்.என்.ஏ. என்ற செய்தியாகப் பிரதி எடுக்கப்பட்டு, அச்செய்தியின்படி ஒரு புரதம் தயாராகி, அப்புரதம் தன் தொழிலைச் செய்யத் தொடங்குகிறது.

உப்பு வந்த வேளையில் செடி செய்யும் தொழில்களைச் சற்று அருகே சென்று பார்ப்பது பிரமிப்பைத் தரும். அரபிடோப்சிஸ் என்ற, கடுகு இனத்தைச் சேர்ந்த ஒரு சிறு களைச்செடியை வைத்துக்கொண்டு, அமெரிக்காவின் அரிசோனாப் பல்கலைக்கழகத்தில் ஜியன்-காங் ஜூ என்பவரும் அவருடைய குழுவினரும் 2000ஆம் ஆண்டை ஒட்டிய சில வருஷங்களில் வெளிப்படுத்திய வழிமுறை எஸ்.ஓ.எஸ். என்ற பெயரால் வழங்குகிறது. வேரைச் சோடியம் தீண்டியதும் உயிரணுவுக்குள் கல்சியத்தின் அளவு சட்டென உயர்கிறது; அவ்வுயர்வை ஒரு புரதம் உணர்ந்து, இரண்டாவதொரு புரதத்தைத் தூண்டுகிறது; அந்த இரண்டாவது புரதம், உயிரணுவின் மேற்சவ்வில் இருக்கும் மூன்றாவது புரதத்தை முடுக்கிவிட, அது உள்ளே வந்த சோடியத்தை வெளியே தள்ளத் தொடங்குகிறது. இவ்வளவுக்கும் தப்பி உள்ளே நுழைந்துவிட்ட சோடியம் சாற்றோடு இலைக்கு ஏறிவிடாதபடி, சாற்றுக் குழாய்களின் ஓரத்திலே நின்று அதைத் திரும்ப இழுத்துக்கொள்ளும் புரதம் வேறொன்று. வங்காளத்தின் உவர் நிலங்களில் விளைந்த நோனா போக்ரா என்ற பழைய நெல்லில் இத்தகைய காவலைச் செய்யும் மரபணுவை, சாங்காய் நகர விஞ்ஞானிகள் 2005ஆம் ஆண்டில் இனங்கண்டு அறிவித்தார்கள்.

அதையும் கடந்து இலைக்குள் வந்துவிட்ட உப்பைச் செடி என்ன செய்யும்? உயிரணுவின் நடுவே இருக்கும் புன்வெற்றிடம் என்ற பையிலே அதை அடைத்துப் பூட்டிவிடும். இப்பூட்டும் தொழிலுக்குரிய மரபணுவை மிகுதியாக வெளிப்படச் செய்த தக்காளிச் செடிகளை, 2001ஆம் ஆண்டில் எடுவர்டோ புளும்வால்ட் என்பவரும் அவருடைய சகாவும், கடல்நீர் உப்பில் ஐந்தில் இரண்டு பங்கு அளவுள்ள நீரில் வளர்த்துக் காட்டினர். இலைகளிலே உப்பு நிறைந்திருந்தது. பழத்திலோ அது மிகக் குறைவாகவே இருந்தது.

இனி நம் மலைக்கு நேராகச் சம்பந்தமுள்ள விஷயத்துக்கு வருகிறேன். ஜப்பான் நாட்டில் 1990களில் ஷினோசாக்கி தம்பதியர், அதே அரபிடோப்சிஸ் செடியில் ஆர்.டி.29ஏ என்ற ஒரு மரபணுவை ஆராய்ந்தபோது, அது வறட்சியிலும் வெளிப்பட்டது, உப்பிலும் வெளிப்பட்டது, குளிரிலும் வெளிப்பட்டது. அதைத் தட்டி எழுப்பும் புரதங்களுக்கு டிரெப் என்று பெயரிட்டார்கள். அவை ஒவ்வொன்றும் ஒரு மரபணுவோடு நில்லாமல், தாகத்தைத் தாங்குவதற்குரிய பல மரபணுக்களை ஏககாலத்தில் எழுப்ப வல்லவை. உவர் மண்ணில் நிற்கும் நெல்லும் கந்தப்பளைப் பனியில் நிற்கும் தேயிலையும் ஒரே இனத்தைச் சேர்ந்த சாதனங்களைக் கொண்டே தம்மைக் காத்துக்கொள்கின்றன என்று சொல்ல இடமளிப்பது இந்தக் கண்டுபிடிப்பே; தேயிலையிலும் இவ்வகைப் புரதங்களின் மரபணுக்கள் இருப்பதைச் சீன ஆராய்ச்சியாளர் பின்னர் கண்டறிந்தனர்.

அந்த ஜப்பானியர் 1999ஆம் ஆண்டில் வெளியிட்ட ஒரு பரிசோதனையை, தோட்ட நிர்வாகத்தில் இருப்போர் ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டும் என்பது என் ஆசை. இத்தகைய எழுப்பும் மரபணு ஒன்றை, இரவு பகல் ஓயாமல் வெளிப்பட்டுக்கொண்டே இருக்கும்படி ஒரு செடியில் அமைத்தார்கள். அச்செடி உப்பையும் வறட்சியையும் உறைபனியையும் தாங்கியது. ஆனால் வளர்ச்சி குன்றிக் குள்ளமாகிவிட்டது. பின்னர் அதே மரபணுவை, துன்பம் வந்த வேளையில் மாத்திரம் வெளிப்படும்படி மாற்றி அமைத்தார்கள். அப்போது செடி ஏறக்குறைய இயல்பாகவே வளர்ந்தது. துன்பத்தையும் முன்னிலும் நன்றாகத் தாங்கியது. காப்பதற்குச் செலவழிக்கும் சக்தியை வளர்வதற்குச் செலவழிக்க இயலாது என்பதும், ஆகையால் எந்நேரமும் அஞ்சிக்கொண்டிருக்கும் செடியும் எப்போதுமே அஞ்சாத செடியும் விவசாயிக்கு உதவா என்பதும், வேளை அறிந்து விழித்து, வேளை அறிந்து அடங்கும் செடியே நமக்கு வேண்டியது என்பதும் இதனால் விளங்குகின்றன. வாரந்தோறும் கொழுந்து எடுத்துக்கொண்டே இருக்கிற நம் தேயிலைக்கு இதைவிடப் பொருத்தமான பாடம் கிடையாது.

இத்தகைய செடி எங்கே கிடைக்கும்? உப்பைப் பொறுத்தவரையில், அது பரம்பரை விவசாயிகளின் வயல்களிலேயே கிடைத்தது. கேரளத்தில் கொச்சியைச் சூழ்ந்த உப்பங்கழி நிலங்களில், மழைக்காலத்தில் உப்பு கழுவுண்ட வேளை பார்த்து நெல்லும், எஞ்சிய காலத்தில் இறாலும் விளைவித்து வந்த எளிய மக்கள் தலைமுறை தலைமுறையாகக் காப்பாற்றிய பொக்காளி என்ற நெல்லே, உலகமெங்கும் உப்பைத் தாங்கும் நெல் வகைகளை உருவாக்க முயன்றவர்களுக்கு ஆதாரமாயிற்று. நம் நாட்டில் அம்பலாந்தோட்டை ஆராய்ச்சி நிலையத்தார் உவர் நிலங்களுக்கென்று வெளியிட்ட ஏ.டி. 354 என்ற நெல்லிலும் பொக்காளியின் வழிவந்த பாகம் உண்டு. சென்னையில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார் இன்னும் ஒருபடி அப்பாற் சென்று, கடற்சேற்றிலேயே வாழும் கண்டல் செடியின் மரபணுவை நெல்லில் சேர்த்துப் பரிசோதித்தனர். இவற்றுக்கெல்லாம் மூலமானது விஞ்ஞானிகளின் மதிநுட்பம் மாத்திரமன்று. விளைச்சல் குறைவு என்று பொக்காளியை அந்த மக்கள் அழியவிட்டிருந்தால், எத்தனை ஆய்வுகூடங்கள் இருந்தென்ன பயன்?

தேயிலையில் நம்மிடம் உள்ள பொக்காளி, அந்தப் பழைய விதைத் தேயிலை மலைகளே. 1867ஆம் ஆண்டில் லூல்கந்துரைத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலையைப் பயிரிட்ட காலத்திலிருந்து, இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரையில், மலைநாட்டில் நடப்பட்ட தேயிலை பெரும்பாலும் விதையிலிருந்து முளைத்தது. தேயிலைப் பூ தன் மகரந்தத்தால் தானே கருவுறுவது மிக அரிது. ஆகவே ஒவ்வொரு விதையும் இரண்டு வேறு செடிகளின் சந்ததி. இதனால் ஒரு மலையில் நிற்கும் பத்தாயிரம் செடிகளும் பத்தாயிரம் தனிப் பிறவிகள். 1950களுக்குப் பின் பரவிய வீ.பி. தேயிலையோ, ஒரு தாய்ச்செடியின் ஓரிலைத் துண்டுகளிலிருந்து வளர்த்தெடுக்கப்பட்ட அச்சொத்த பிரதிகள். அவற்றின் விளைச்சல் அதிகம் என்பதையும், தோட்டங்களைக் காப்பாற்றியதில் அவற்றுக்குப் பெரும் பங்கு உண்டு என்பதையும் மறுப்பதற்கில்லை. ஆயினும் விதைத் தேயிலை ஆணிவேர் இறக்கி ஆழத்து ஈரத்தைத் தேடும். துண்டிலிருந்து வந்த செடிக்கு அத்தகைய ஆணிவேர் அமைவதில்லை. மேலும் குளோன் என வழங்கும் இத்தகைய பிரதியினம் ஒன்று ஒரு துன்பத்துக்குத் தோற்றால், மலை முழுவதும் ஒருங்கே தோற்கும். தேயிலை ஆராய்ச்சி நிலையத்தார் ஒரே வரிசையில் வெளியிட்ட குளோன்களுள் டி.ஆர்.ஐ. 2025 என்பது வறட்சியைத் தாங்குவதென்றும், டி.ஆர்.ஐ. 2023 என்பது அதற்கு இளைப்பதென்றும் ஆராய்ச்சியாளர் பெயர் குறித்துச் சொல்லும் அளவுக்கு இவ்வேற்றுமை தெளிவானது. 1869ஆம் ஆண்டில் இலைத்துரு நோய் வந்தபின் மலைநாட்டுக் கோப்பி படிப்படியாகச் சரிந்த சரித்திரத்தை மறந்தவர்கள் அல்லவே நாம்!

இந்தப் பழைய மலைகளே இப்போது பிடுங்கப்பட்டு வருகின்றன. செடிகளை வேரோடு சாய்த்து, விறகுக்குக் கொடுத்துவிட்டு, மண்ணைத் தேற்றுவதற்காக ஒன்றரை இரண்டு வருஷம் மானா, குவாட்டமாலாப் புல் வளர்த்து, பின் அதில் குளோன் நடுவது முறை. புதுநடுகை அவசியந்தான். நூறு வயதைத் தாண்டிய செடிகளும், செத்துப்போன செடிகளின் வெற்றிடங்களுமாகக் கிடக்கும் மலையை அப்படியே வைத்திருக்கச் சொல்லி எந்தக் கம்பனியையும் வற்புறுத்த முடியாது. அத்தகைய மலையில் நாள்முழுதும் ஏறி இறங்கியும் நிறை சேராமல் அரைநாட் சம்பளமான அரைப்பேரோடு திரும்பும் பெண்ணிடம் போய்ப் பழைமையின் பெருமையைப் பேசுவதும் அநியாயம். என் மனத்தாங்கல் பிடுங்குவதைப் பற்றியதன்று. பாராமல் பிடுங்குவதைப் பற்றியது.

நெல்லாக இருந்தால் இவ்வளவு கவலைப்பட வேண்டாம். காய்ந்த நெல்மணியைக் குளிர் அறையில் பல வருஷம் வைத்திருந்து, வேண்டும்போது எடுத்து விதைக்கலாம். பொக்காளி அவ்வாறு வைக்கப்பட்டிருக்கிறது. தேயிலை விதையோ உலர்ந்தால் செத்துப்போகும் ஜாதி. அதை அவ்விதம் சேமிக்க வழியில்லை. தேயிலையின் பரம்பரைச் சொத்தைக் காக்க வேண்டுமானால், அதை வேரோடும் இலையோடும் மண்ணில் உயிருள்ள செடியாகவே காக்க வேண்டும். மரபணுவின் வெளிப்பாட்டை ஆராய்வதற்கோ இந்த அவசியம் இன்னும் கடுமையானது. தேயிலையின் பரம்பரை வாசகம் முழுவதையும் சீனர்கள் 2017ஆம் ஆண்டில் வாசித்து வெளியிட்டுவிட்டார்கள். அது நெல்லினுடையதைப் போல் ஏழு மடங்குக்கும் மேற்பட்டது. ஆயினும் அந்த வாசகத்தை மாத்திரம் வைத்துக்கொண்டு, கந்தப்பளைப் பள்ளத்தில் ஒரு செடி ஏன் கருகவில்லை என்று யாராலும் சொல்ல முடியாது. பனி விழுந்த அந்த விடியலில், அந்தச் செடியிலிருந்து ஓர் இலையைப் பறித்து, அதிலுள்ள ஆர்.என்.ஏ. விரைவில் சிதைந்துவிடும் ஆதலால் பறித்த கணமே மைனஸ் 196 பாகையில் உள்ள திரவ நைதரசனில் இட்டு, எந்த எந்த மரபணுக்கள் அவ்வேளையில் விழித்திருந்தன என்று பார்க்க வேண்டும். பக்கத்தில் கருகிய செடியின் இலையோடு ஒப்பிட வேண்டும். துன்பப்படும் செடி உயிரோடு அவ்விடத்தில் நின்றால்தான் இது சாத்தியம். விறகாகிவிட்ட செடியிடம் கேட்பதற்கு ஒன்றுமில்லை.

அந்தச் செடி எது என்று எப்படி அறிவது என்று கேட்கலாம். அதை அறிந்தவர்கள் தொழிலாளர் குடியிருக்கும் லயங்களில் இருக்கிறார்கள். மட்டக்கம்பை வைத்து, ஒரே நிரையில் வருஷக்கணக்காகக் கொழுந்து எடுத்த பெண்ணுக்கு, மாசி மாத வறட்சிக் காய்ச்சலில் எந்தச் செடி கடைசி வரையில் வாடாமல் நின்றது, சித்திரை முதல் மழைக்கு எது முதலில் துளிர்த்தது, கவ்வாத்துக்குப் பின் எது தலையெடுக்கவில்லை என்பதெல்லாம் கைப்பழக்கமாகவே தெரியும். அவர்கள் அதை ஒரு ஞானம் என்று எண்ணியதில்லை. எண்ணும்படி எவரும் அவர்களைக் கேட்டதுமில்லை. கொச்சிக் கழிமுகத்து உழவருக்குப் பொக்காளியில் இருந்த ஸ்தானம், விதைத் தேயிலையில் இவர்களுக்கு உண்டு என்பது என் திடமான அபிப்பிராயம். எடுத்த கொழுந்தை மாத்திரம் நிறுத்துப் பேர் போட்டுவிட்டு, அதை எடுத்தவள் அறிந்ததை ஒரு பொருட்டாக மதியாமல் விட்டது நம் பெருந்தோட்ட முறையின் பெருங்குறைகளுள் ஒன்று.

தலவாக்கலை சென் கூம்ஸ் தோட்டத்தில் இருக்கும் தேயிலை ஆராய்ச்சி நிலையம் 1925ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டு நூறாண்டு நிறைவு கண்டிருக்கிறது. பேராதனைப் பல்கலைக்கழகம் மலைக்கு அடிவாரத்திலேயே இருக்கிறது. ஹட்டனிலும் நுவரெலியாவிலும் உயர்தரத்தில் உயிரியல் படிக்கும் தோட்டப் பிள்ளைகள், தங்கள் தாய் கொழுந்து எடுக்கும் மலையிலேயே குறிப்பேடும் பெயின்ற் டப்பாவுமாக நடந்து செடிகளை அடையாளமிடக் கூடாதா? அதற்கு ஆகும் செலவு, ஒரு ஹெக்டயரைப் புதிதாக நடுவதற்கு ஆகும் செலவில் மிகச் சிறு பகுதியே.

ஆகையால் பெருந்தோட்டக் கம்பனிகளையும், ஆராய்ச்சி நிலையத்தாரையும், பெருந்தோட்டத் துறைக்குப் பொறுப்பான அமைச்சையும் நான் வேண்டிக்கொள்வது இது: விதைத் தேயிலை நிற்கும் எந்த மலையையும் பிடுங்குவதற்கு முன், ஒரு காய்ச்சலும் ஒரு பனிக்காலமும் அது நிற்கட்டும். அந்த மலையில் கொழுந்து எடுப்பவர்களுக்கு ஒருநாட் பேர் போட்டு, அவர்களை முன்னே நடக்கவிட்டு, அவர்கள் காட்டும் செடிகளில் அடையாளமிடுங்கள். அடையாளமிட்ட செடிகளிலிருந்து துண்டுகள் எடுத்து நாற்றுமேடையில் வளர்த்து, தோட்டத்துக்கு அரை ஏக்கராவது ஒதுக்கி நட்டுவையுங்கள். அதன் பிறகு பிடுங்குங்கள்.